பலப்பிரயோகம் எது, மிரட்டல் எது, கட்டாயம் எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவல் நிலையத்துக்குச் செல்லும் புகார்களிலும், பத்திரத்தை ரத்து செய்யக் கோரும் வழக்குகளிலும், வீட்டுச் சண்டைகளிலும் 'பலவந்தமாக', 'வலுக்கட்டாயமாக', 'மிரட்டி', 'நிர்ப்பந்தப்படுத்தி' என்ற சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்றாகப் புழங்குகின்றன. பேச்சில் அதனால் நட்டமில்லை. கேட்பவருக்கு விஷயம் புரிந்துவிடும். சட்டத்தில் அப்படியல்ல. உடலைத் தள்ளுவதற்கு ஒரு சட்டமும், கையெழுத்தை மிரட்டி வாங்குவதற்கு வேறொரு சட்டமும், குடியிருப்பவரை வெளியேற்றுவதற்கு மற்றொரு சட்டமும் இருக்கின்றன. எவ்வளவு பலம் போதும், என்ன நிரூபிக்க வேண்டும் என்பது ஒவ்வொன்றிலும் மாறுகிறது. இந்தியச் சட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

பலப்பிரயோகம் என்பதற்குச் சட்டத்தில் வரையறை உண்டா?

உண்டு. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 349-ஆவது பிரிவாக இருந்த அந்த வரையறை, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 128-ஆவது பிரிவாக வந்திருக்கிறது. ஒருவரை அசையச் செய்தாலோ, அவருடைய அசைவை மாற்றினாலோ, நிறுத்தினாலோ அது அவர்மீது பலத்தைப் பிரயோகித்ததாகும். ஏதாவதொரு பொருளை அசைத்து, அது அவருடைய உடலிலோ, அவர் உடுத்தியிருப்பதிலோ, கையில் வைத்திருப்பதிலோ, அவருடைய தொடு உணர்வை எட்டும் வகையில் அருகே உள்ள எதிலோ படும்படி செய்தாலும் அதுவே. இதைச் செய்யும் வழிகள் மூன்று என்றும் பிரிவு வகுக்கிறது: தன் சொந்த உடல் வலுவால் செய்வது; பிறகு எவரும் எதுவும் செய்யாமலே தானாக நிகழும்படி ஒரு பொருளை முன்கூட்டி வைத்துவிடுவது; ஒரு விலங்கை ஏவுவது, திருப்புவது அல்லது நிறுத்துவது.

படிக்கும்போது இயற்பியல் பாடம் போலத் தோன்றினால் வியப்பில்லை. இதில் கோபம் இல்லை, காயம் இல்லை, வலி இல்லை. அசைவு மட்டுமே இருக்கிறது. 1837-இல் மெக்காலே தலைமையிலான குழு தந்த வரைவிலிருந்து வளர்ந்த சட்டம் இது. அடுத்த பிரிவில் வரும் உதாரணங்களில் இன்றும் பல்லக்கும் ரதமும் இருக்கின்றன. 2023-இல் சட்டத்தின் பெயரையே மாற்றியவர்கள் பல்லக்கை இறக்கி வைக்கவில்லை. ஆனாலும் அந்த உதாரணங்கள் மிகவும் பயனுள்ளவை. ஆற்றோரம் கட்டப்பட்ட படகில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். இன்னொருவர் கயிற்றை அவிழ்த்துவிட, படகு நீரோட்டத்தோடு போகிறது. அவிழ்த்தவர் படகில் இருப்பவரைத் தொடவே இல்லை. இருந்தாலும் அவர்மீது பலம் பிரயோகிக்கப்பட்டுவிட்டது.

எவ்வளவு வலுவாகத் தள்ளினால் அது பலப்பிரயோகம் ஆகும்?

அளவு என்ற கேள்வியே வரையறையில் இல்லை. எறிந்த கல் தண்ணீரில் விழுந்து, தெறித்த நீர் எதிரில் இருப்பவரின் உடையில் பட்டால்கூட வரையறை நிறைவேறிவிடும் என்று சட்டத்தின் உதாரணமே சொல்கிறது. ஒரு பெண்ணின் முகத்திரையை வேண்டுமென்றே விலக்குவது மற்றோர் உதாரணம். அதில் தோலைத் தொடவேண்டிய தேவைகூட இல்லை.

உடைமேல் பட்டதும் உடல்மேல் பட்டதாகவே கொள்ளப்படும் என்ற இந்த எண்ணம் 1860-இலேயே எழுதிவைக்கப்பட்டது என்பதை நினைத்தால், 2021-இல் நடந்தது விசித்திரமாகப் படும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் வந்த ஒரு வழக்கில், ஆடைக்கு மேல் தொட்டது அந்தச் சட்டத்தின் 'உடல் தொடர்பு' ஆகாது என்று அந்த ஆண்டு ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு தீர்ப்பளித்தது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, தோலோடு தோல் படவேண்டும் என்று கொள்வது சட்டத்தின் நோக்கத்தையே குலைத்துவிடும் என்றது. போக்சோவின் சொற்கள் வேறு, 128-ஆவது பிரிவின் சொற்கள் வேறு என்பது உண்மைதான். ஆனால் ஆடை ஒரு தடுப்புச்சுவர் அல்ல என்பதில் இரண்டும் கடைசியில் ஓரிடத்தில் வந்து நிற்கின்றன.

அப்படியானால் பேருந்தில் இடித்தவர் எல்லாரும் குற்றவாளிகளா?

இல்லை. 128-ஆவது பிரிவு ஒரு செயலை விவரிக்கிறதே தவிர, அதைக் குற்றம் என்று சொல்லவில்லை. முடிவெட்டுபவர் தலையைத் திருப்புவதும், செவிலியர் கையைப் பிடித்து ஊசி போடுவதும், வண்டி வருவதைக் கண்டு நண்பரைப் பின்னுக்கு இழுப்பதும் வரையறைக்குள் வரும் பலப்பிரயோகங்களே. அவற்றைக் குற்றத்திலிருந்து பிரிக்கும் கோட்டை அடுத்த பிரிவான 129 போடுகிறது. வேண்டுமென்றே செய்திருக்க வேண்டும்; எதிரில் இருப்பவரின் சம்மதம் இல்லாமல் செய்திருக்க வேண்டும்; ஒரு குற்றத்தைச் செய்வதற்காகவோ, அவருக்குத் தீங்கு, அச்சம், எரிச்சல் ஆகியவற்றில் ஒன்றை விளைவிக்கும் எண்ணத்தோடோ, விளையக்கூடும் என்று தெரிந்தோ செய்திருக்க வேண்டும். இவை மூன்றும் சேர்ந்தால்தான் அது குற்றமுறு பலப்பிரயோகம். அரசு மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் இதுவே 'குற்றமுறு வன்முறை' என்று இருக்கும்.

நெரிசலில் படும் இடி வேண்டுமென்றே செய்தது அல்ல. அப்படியே ஒருவர் சிறிது முழங்கையால் ஒதுக்கினாலும், சாதாரண அறிவும் நிதானமும் உள்ள எவரும் குறைகூறாத அளவு அற்பமான தீங்கு குற்றமாகாது என்று 33-ஆவது பிரிவு கழித்துவிடுகிறது. அதே நெரிசலைச் சாக்காக வைத்து ஒரு பெண்ணை வேண்டுமென்றே தொடுபவருக்கு இந்தக் கழிவு கிடையாது. 74-ஆவது பிரிவின்படி, பெண்ணின் மானத்துக்குக் குந்தகம் விளைவிக்கும் எண்ணத்தோடு செய்யும் குற்றமுறு பலப்பிரயோகத்துக்குக் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் 5 ஆண்டுகள் சிறை.

சம்மதம் என்பதையும் பெயரளவில் எடுத்துக்கொள்ளக் கூடாது. தீங்குக்கு அஞ்சியோ, உண்மையைத் தவறாக அறிந்தோ தந்த சம்மதம், அதைப் பெற்றவருக்கு அந்த நிலை தெரிந்திருந்தால், சம்மதமே அல்ல என்று 28-ஆவது பிரிவு சொல்கிறது.

செய்தித்தாள்களில் 'பலாத்காரம்' என்று வருவதும் இதுவும் ஒன்றா?

அல்ல. பழைய எழுத்தில் பலாத்காரம் என்பது எந்த வகைக் கட்டாயத்தையும் குறித்தது. இன்றைய செய்தி வழக்கில் அது பாலியல் வல்லுறவை மட்டும் குறிக்கும்படி சுருங்கிவிட்டது. ஆகவே நிலத் தகராறில் 'என்னைப் பலாத்காரமாக வெளியேற்றினார்' என்று மனு எழுதுபவர், படிப்பவரைத் திடுக்கிடவைக்கிறார். 'பலவந்தமாக' என்று எழுதினால் குழப்பம் வராது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பாலியல் வல்லுறவுக் குற்றத்தை நிரூபிக்க உடல் பலம் பயன்படுத்தப்பட்டதா என்பது இன்று தீர்மானிக்கும் கேள்வி அல்ல. சம்மதம் இருந்ததா என்பதே கேள்வி. இந்த இடத்துக்கு வர நெடுநாள் ஆயிற்று. மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்துக்குள்ளேயே நடந்த ஒரு கொடுமையில், பாதிக்கப்பட்ட இளம்பெண்ணின் உடலில் காயங்கள் இல்லை, அவர் எதிர்த்துப் போராடியதற்கு அடையாளம் இல்லை என்று சொல்லி 1978-இல் உச்ச நீதிமன்றம் காவலர்கள் இருவரை விடுவித்தது. சட்டப் பேராசிரியர்கள் நால்வர் 1979-இல் எழுதிய திறந்த மடலும் பெண்கள் அமைப்புகளின் போராட்டமும் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்துக்கு வழிவகுத்தன. 2013-ஆம் ஆண்டுத் திருத்தம் சம்மதத்துக்குத் தெளிவான வரையறை தந்து, உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தால் பெண் சம்மதித்ததாகக் கொள்ளக் கூடாது என்றும் எழுதியது. இப்போதைய சன்ஹிதாவின் 63-ஆவது பிரிவில் அது அப்படியே இருக்கிறது. அச்சத்தில் உறைந்துபோனவரிடம் 'நீ ஏன் கத்தவில்லை' என்று கேட்பதற்குச் சட்டத்தில் இடமில்லை; நீதிமன்ற வளாகங்களில் அந்தக் கேள்வி இன்னும் ஒலிக்கிறது என்பது வேறு விஷயம்.

கையை ஓங்கினார், ஆனால் அடிக்கவில்லை. இது குற்றமா?

குற்றம்தான். எதிரில் இருப்பவர்மீது இப்போதே பலம் பிரயோகிக்கப்போகிறோம் என்று அவர் அஞ்சும்படி ஒரு சைகையோ ஆயத்தமோ செய்வதை 130-ஆவது பிரிவு தனிக்குற்றமாக வைக்கிறது. சட்டம் இதற்குத் 'தாக்குதல்' என்ற பொருள்படும் பெயரையே தருகிறது. நாம் தாக்குதல் என்றால் அடி விழுந்தது என்று எடுத்துக்கொள்வோம். சட்டத்திலோ அடி விழுவதற்கு முந்தைய கணமே அந்தப் பெயரைப் பெறுகிறது. முஷ்டியை ஆட்டுவதும், கடிக்கும் நாயின் வாய்க்கூட்டை அவிழ்க்கத் தொடங்குவதும் சட்டம் தரும் உதாரணங்கள்.

வெறும் சொற்கள் மட்டும் இந்தக் குற்றமாகா என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. ஆனால் சைகைக்குச் சொல் பொருள் கொடுக்கலாம். தடியைக் கையில் எடுப்பது தனியே எதையும் காட்டாது. எடுத்துக்கொண்டே 'உனக்கு உதை தருகிறேன்' என்றால் காட்டிவிடும். சொல் சைகையின் பொருளைப் பறிக்கவும் கூடும். 1669-இல் இங்கிலாந்தில் ஒருவர் வாளின் பிடியில் கைவைத்து, 'நீதிபதிகள் ஊருக்கு வந்திருக்கும் காலமாக இல்லாவிட்டால் உன் பேச்சைப் பொறுத்திருக்க மாட்டேன்' என்றார். நீதிபதிகள் வந்திருந்ததால், இப்போது வெட்டமாட்டேன் என்பதே அதன் பொருள் என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

அப்படியென்றால் வாயால் மிரட்டுவது குற்றமே இல்லையா?

அது வேறு பிரிவின் கீழ் வரும் குற்றம். ஒருவரின் உடலுக்கோ சொத்துக்கோ நற்பெயருக்கோ, அவருக்கு வேண்டியவருக்கோ தீங்கு செய்வதாகச் சொல்லி அச்சமூட்டுவது 351-ஆவது பிரிவின்படி குற்றமுறு மிரட்டல். இதற்கு 2 ஆண்டுகள் வரையும், கொலை அல்லது கொடுங்காய மிரட்டலானால் 7 ஆண்டுகள் வரையும் சிறை விதிக்கலாம். தொலைபேசியில் மிரட்டுவதும் குறுஞ்செய்தியில் மிரட்டுவதும் இங்கேதான் வரும். 130-ஆவது பிரிவில் வரா, ஏனென்றால் அங்கே எதிரில் நேராக இருப்பவர் மட்டுமே கணக்கு. போக்குவரத்துக் காவல்துறையின் முகநூல் பக்கத்தில் கடுமையாக எழுதியவர்கள்மீது, அரசு ஊழியரைப் பலப்பிரயோகத்தால் தடுத்ததாகக் கர்நாடகத்தில் வழக்குப் பதிந்தார்கள். கருத்து எழுதுவது தாக்குதலும் அல்ல, பலப்பிரயோகமும் அல்ல என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது.

வீட்டுக்குள் நடப்பதற்கு அளவுகோல் இன்னும் அகலமானது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இழிவாகப் பேசுவதையும், குழந்தை பெறாததைச் சொல்லிக் காட்டுவதையும், செலவுக்குப் பணம் தராமல் முடக்குவதையும் வன்முறை என்றே வகைப்படுத்துகிறது. தண்டனைச் சட்டத்தில் பலம் ஆகாத சொல், அந்தச் சட்டத்தில் வன்முறையாகிறது.

அடித்ததாகப் புகார் கொடுத்தால் காவல் நிலையத்தில் ஏன் நேரடியாக வழக்குப் பதிவதில்லை?

காயம் இல்லாத சாதாரணத் தாக்குதலுக்கும் குற்றமுறு பலப்பிரயோகத்துக்கும் 131-ஆவது பிரிவு வைத்திருக்கும் தண்டனை அதிகபட்சம் 3 மாதச் சிறை அல்லது 1,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் அபராதம் 500 ரூபாயாக இருந்தது. இது பிடிவாரண்டு இல்லாமல் கைதுசெய்யக்கூடிய குற்றம் அல்ல. நீதித்துறை நடுவரின் உத்தரவு இல்லாமல் காவல்துறை இதைப் புலனாய்வு செய்ய முடியாது. எதிர்த்தரப்பு கடுமையாகவும் திடீரெனவும் சினமூட்டியிருந்தால் தண்டனை இன்னும் குறைந்து ஒரு மாதமாகிறது.

ஆனால் அதே தள்ளுமுள்ளு எதற்காகச் செய்யப்பட்டது என்பது நிலைமையை மாற்றிவிடும். கடமையில் இருக்கும் அரசு ஊழியரைத் தடுப்பதற்காக என்றால் 2 ஆண்டுகள் வரை சிறை. கைது செய்யவும் வாரண்டு தேவையில்லை. அவமானப்படுத்தும் எண்ணத்தோடு என்றாலும், உடம்பில் அணிந்திருப்பதைத் திருட முயன்று என்றாலும் அதே 2 ஆண்டுகள். கழுத்துச் சங்கிலியைப் பறிப்பதற்கு இப்போது 304 என்ற தனிப்பிரிவே வந்திருக்கிறது. அதற்கு 3 ஆண்டுகள் வரை. பலத்தின் அளவை விட அதன் நோக்கத்துக்கே சட்டம் விலை போடுகிறது.

ஆள் இல்லாதபோது வேலியை வெட்டி, பூட்டை உடைத்து உள்ளே வந்துவிட்டார்கள். இது பலப்பிரயோகமா?

128-ஆவது பிரிவின்படி இல்லை. அந்தப் பிரிவு ஒரு மனிதர்மீது செலுத்தும் பலத்தை மட்டுமே பேசுகிறது. அத்துமீறி நுழைதலும் சொத்துச் சேதமும் தனிக் குற்றங்களாக இருக்கின்றன. 5 பேருக்குக் குறையாத சட்டவிரோதக் கூட்டம் 'பலமோ வன்முறையோ' பயன்படுத்தினால் அது கலகம் என்று 191-ஆவது பிரிவு சொல்லும்போது, வன்முறை என்ற சொல் உயிரற்ற பொருள்களுக்கும் பொருந்தும் என்று நீதிமன்றங்கள் விரித்துக்கொண்டன.

நிலத்தையோ வீட்டையோ இழந்தவருக்கு உண்மையில் உதவும் வழி வேறிடத்தில் இருக்கிறது. 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 6-ஆவது பிரிவின்படி, அசையாச் சொத்தின் அனுபவத்திலிருந்து, அதாவது அதைக் கைவசம் வைத்திருக்கும் நிலையிலிருந்து, சம்மதமின்றி, சட்டமுறைப்படி அல்லாமல் வெளியேற்றப்பட்டவர் 6 மாதத்துக்குள் வழக்குத் தொடர்ந்து அனுபவத்தைத் திரும்பப் பெறலாம். தன்னை அடித்து விரட்டினார்கள் என்று அவர் நிரூபிக்க வேண்டியதே இல்லை. அவர் கோயிலுக்குப் போன நேரத்தில் பூட்டை மாற்றிவிட்டாலும் போதும். சொத்து யாருடையது என்ற கேள்வியும் அந்த வழக்கில் எழாது; நிலத்தின் உரிமையாளரே வெளியேற்றியிருந்தாலும் தீர்வு உண்டு. அரசுக்கு எதிராக மட்டும் இந்த வழக்கைப் போட முடியாது. இதற்கு மாறாக, அமைதி குலையும் நிலையில் நிர்வாகத்துறை நடுவர் எடுக்கும் நடவடிக்கையில், 'பலவந்தமாகவும் தவறாகவும்' வெளியேற்றப்பட்டாரா என்பது சட்டத்தின் சொற்களிலேயே இருக்கிறது; அங்கே கணக்கு 2 மாதம். ஒரே சம்பவம், இரண்டு கதவுகள், இரண்டு கெடுக்கள். நம்மூரில் பலர் சமரசம் பேசியே இரண்டு கெடுவையும் கழித்துவிடுகிறார்கள்.

மிரட்டிக் கையெழுத்து வாங்கிய பத்திரம் செல்லுமா?

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 15-ஆவது பிரிவில் வல்லந்தம், அதாவது கட்டாயப்படுத்தல், என்பதற்குத் தனி வரையறை வைத்திருக்கிறது. ஒருவரை ஓர் உடன்பாட்டுக்குள் கொண்டுவரும் நோக்கத்தோடு, தண்டனைச் சட்டம் தடைசெய்த செயலைச் செய்வதோ, செய்வதாக மிரட்டுவதோ, எவருடைய சொத்தையாவது சட்டவிரோதமாகப் பிடித்துவைப்பதோ, வைப்பதாக மிரட்டுவதோ வல்லந்தம். மிரட்டப்பட்டவரும் கையெழுத்திட்டவரும் ஒருவராகவே இருக்கவேண்டும் என்பதில்லை. மகனைக் கடத்துவதாகச் சொல்லித் தந்தையிடம் கையெழுத்து வாங்கினாலும் பொருந்தும். அப்படிப்பட்ட ஒப்பந்தம் தானாகச் செல்லாததாகிவிடாது. கட்டாயப்படுத்தப்பட்டவர் விரும்பினால் அதை ரத்து செய்யக் கோரலாம்; பத்திரத்தை ரத்து செய்யும் வழக்குக்குக் காலவரம்பு 3 ஆண்டுகள். முறையான வழக்குப் போடுவேன் என்று எச்சரிப்பது வல்லந்தம் அல்ல. பொய் வழக்குப் போடுவேன் என்பது வேறு.

சென்னை உயர் நீதிமன்றத்தின் இரண்டு பழைய தீர்ப்புகள் இந்தப் பிரிவைப் படிக்கும் எவருக்கும் சொல்லித்தரப்படுகின்றன. முதலாவது 1889-இல் வந்த ரங்கநாயகம்மா எதிர் ஆழ்வார் செட்டி வழக்கு. கணவனை இழந்த 13 வயதுச் சிறுமியிடம், தாங்கள் சொல்லும் பையனைத் தத்து எடுத்தால்தான் சடலத்தை எடுக்கவிடுவோம் என்று உறவினர் மறித்துக்கொண்டார்கள். அவள் ஒப்புக்கொண்டாள். அது சுதந்திரமான சம்மதம் அல்ல என்று நீதிமன்றம் தத்தெடுப்பை ஏற்க மறுத்தது. அவளை எவரும் கையால் தொட்டதாக வழக்கு இல்லை. தமிழ்நாட்டுச் சாவு வீடுகளை அறிந்தவருக்கு அந்த நெருக்கடியின் கனத்தை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, 1917-இல் வந்த சிக்கம் அம்மிராஜு வழக்கு. சொத்தின் மீதான உரிமையைத் தன் சகோதரருக்கு விட்டுக்கொடுத்து எழுதித்தராவிட்டால் தற்கொலை செய்துகொள்வேன் என்று ஒருவர் தன் மனைவியையும் மகனையும் மிரட்டினார்; அவர்கள் எழுதிக்கொடுத்தார்கள். தற்கொலைக்குத் தண்டனை இல்லை, செத்தவரைத் தண்டிக்க முடியாது என்பதால்தான் இல்லை. ஆனால் அதற்கு முயல்வது தண்டனைக்குரியது, ஆகவே அது சட்டம் தடைசெய்த செயலே என்று பெரும்பான்மை நீதிபதிகள் கொண்டார்கள். நீதிபதி ஓல்டுஃபீல்டு மாறுபட்டார். அவருடைய ஐயத்துக்கு இப்போது புதிய வலு வந்திருக்கிறது. தற்கொலை முயற்சியைப் பொதுவாகத் தண்டித்த பழைய 309-ஆவது பிரிவு புதிய சன்ஹிதாவில் இல்லை. அரசு ஊழியரை நிர்ப்பந்திப்பதற்காகச் செய்யும் முயற்சியை மட்டுமே 226-ஆவது பிரிவு குற்றமாக்குகிறது. பெரும்பான்மைத் தீர்ப்பு ஊன்றிநின்ற தூண் அது என்பதால், அந்தத் தீர்ப்பு அப்படியே நிலைக்கும் என்று எவரும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. இத்தகைய வழக்கை இனி நடத்துபவர் அடுத்த கேள்வியில் வரும் வழியையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

மிரட்டவில்லை, அடிக்கவில்லை; அழுதும் கெஞ்சியும் அதிகாரத்தாலும் எழுதி வாங்கினார்கள். இதற்கு என்ன பெயர்?

இதைச் சட்டம் தகாத செல்வாக்கு என்கிறது. ஒப்பந்தச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு. ஒருவர் மற்றவரின் மனத்தை ஆளும் நிலையில் இருந்து, அந்த நிலையைப் பயன்படுத்தி நியாயமற்ற ஆதாயம் அடைந்திருக்க வேண்டும். முதுமையாலோ நோயாலோ துயரத்தாலோ மனத்திறன் தளர்ந்தவரோடு ஒப்பந்தம் செய்பவர் அத்தகைய நிலையில் இருப்பவராகக் கருதப்படுவார். ஒப்பந்தம் பார்த்த மாத்திரத்திலேயே மனச்சாட்சிக்கு ஒவ்வாததாக இருந்தால், செல்வாக்கைப் பயன்படுத்தவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு எழுதி வாங்கியவருக்குப் போய்விடும். 'எவருடைய தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இன்றி, மனப்பூர்வமாக' என்று ஒவ்வொரு பத்திரத்திலும் ஆவண எழுத்தர் எழுதும் வரி இந்த விசாரணையைத் தடுத்துவிடாது. உண்மையான நிர்ப்பந்தத்தில் எழுதிய பத்திரத்திலும் அதே வரிதான் இருக்கும்.

பெற்றோருக்குத் தனி வழி உண்டு. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி, தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மூத்த குடிமகன் எழுதிக்கொடுத்த சொத்தைப் பெற்றவர் பராமரிக்கத் தவறினால், அந்தப் பத்திரம் மோசடியாலோ கட்டாயத்தாலோ தகாத செல்வாக்காலோ நடந்ததாகவே கொள்ளப்பட்டு, தீர்ப்பாயத்தால் ரத்து செய்யப்படலாம். நடக்காத கட்டாயத்தை நடந்ததாகச் சட்டமே பாவிக்கும் அரிய இடம் இது. செட்டில்மென்ட் எழுதும்போது அந்த நிபந்தனையைப் பத்திரத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால், பின்னால் வாதத்துக்கு இடம் குறையும்.

கடன் கொடுத்தவர் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அது பலமா?

தண்டனைச் சட்டத்தில் எப்போதும் அப்படிச் சொல்லிவிட முடியாது. அதனால்தான் தனிச் சட்டங்கள் வந்தன. தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டத்தின்படி, கடன்பட்டவர் தற்கொலைக்குச் சற்று முன்பு அவரோ குடும்பத்தினரோ துன்புறுத்தப்பட்டிருந்தால், மாறாக நிரூபிக்கப்படாதவரை கடன் கொடுத்தவரே தற்கொலைக்குத் தூண்டியவராகக் கொள்ளப்படுவார். கடன் நிறுவனங்களின் கட்டாய வசூல் நடவடிக்கைகளைத் தடுக்கும் மசோதா ஒன்றையும் 2025 ஏப்ரலில் சட்டமன்றம் நிறைவேற்றியது.

வறுமையும் பசியும் ஒருவரைக் கட்டாயப்படுத்துவதாகச் சட்டம் கருதுமா?

கருதியிருக்கிறது, இந்தியச் சட்டத்தில் பலம் என்ற எண்ணம் மிகத் தொலைவு சென்ற இடம் இதுதான். அரசமைப்பின் 23-ஆவது உறுப்பு மனித வணிகத்தையும் கூலியில்லா வேலையையும் 'அவை போன்ற மற்றக் கட்டாய உழைப்பையும்' தடைசெய்கிறது. 1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானங்களில் வேலைசெய்த தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி தரப்படவில்லை என்று ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் ஒன்றியம் உச்ச நீதிமன்றம் சென்றது. அவர்களை எவரும் கட்டிவைக்கவில்லையே, தாமாகத்தானே வேலைக்கு வந்தார்கள் என்பது எதிர்வாதமாக இருக்க முடியும். நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு, கட்டாயம் உடல் வலுவாலும் வரலாம், சட்டத்தின் வலுவாலும் வரலாம், வேறு வழியே விடாத பசியாலும் வறுமையாலும் வரலாம் என்றது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே ஒருவர் வேலை செய்கிறார் என்றால் ஏதோ ஒரு நெருக்கடியின் கீழ்தான் செய்கிறார். ஆகவே அது 23-ஆவது உறுப்பு தடுத்த கட்டாய உழைப்பே. அடுத்த ஆண்டு ராஜஸ்தானின் பஞ்ச நிவாரணப் பணிகளுக்கும் இதையே நீதிமன்றம் பொருத்தியது.

தமிழ்நாட்டில் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு வேலைக்கு அடைபடுபவர்களின் நிலையை இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். வாசலில் காவலாள் இருக்க வேண்டியதில்லை. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், முன்பணக் கடனுக்கு ஈடாக வேறிடத்தில் வேலைக்குப் போகும் உரிமையையோ நடமாடும் உரிமையையோ இழந்தவரைக் கொத்தடிமையாகக் கருதுகிறது. விடுவிக்கப்பட்டவுடன் அந்தக் கடனும் அழிந்துவிடும்; அதற்காகப் பணம் வாங்குவதே குற்றம். கோட்டாட்சியர் தரும் விடுவிப்புச் சான்றிதழ்தான் மறுவாழ்வுக்கு முதல் ஆவணம். 'அவர்களாகத்தான் வாங்கினார்கள்' என்ற வாதம் இன்றும் விசாரணைகளில் வைக்கப்படுகிறது. 1982-லேயே அதற்கு விடை எழுதப்பட்டுவிட்டது.

காவல்துறை எவ்வளவு பலத்தைப் பயன்படுத்தலாம்?

தேவையான அளவு, அதற்குமேல் இல்லை. கைதாகிறவர் சொல்லாலோ செயலாலோ பணிந்துவிட்டால் அவரைத் தொடவே தேவையில்லை. எதிர்த்தால், கைதுசெய்யத் தேவையான வழிகளைக் கையாளலாம். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றம் சாட்டப்படாத ஒருவரின் உயிரை அதற்காகப் பறிக்கும் உரிமை கிடையாது. கைதான பிறகு, தப்புவதைத் தடுக்கத் தேவையானதற்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது. கூட்டத்தைக் கலைப்பதற்கும் வரிசை உண்டு: முதலில் கலையும்படி உத்தரவு, கலையாவிட்டால்தான் பலம். 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து 13 பேர் உயிரிழந்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது, காவல்துறை வரம்பு மீறியது என்ற முடிவே அதில் இருந்தது.

தற்காப்புக்காகத் திருப்பி அடித்தால்?

அது குற்றமல்ல, ஆனால் அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் அந்த உரிமை இல்லை, தேவைக்கு மேல் தீங்கு செய்யவும் உரிமை இல்லை. ஆபத்தில் இருப்பவர் ஒவ்வோர் அடியையும் தராசில் நிறுத்துப் போட முடியாது என்பதை நீதிமன்றங்கள் ஏற்றுக்கொள்கின்றன. தாக்கியவர் திரும்பி ஓடிய பிறகு துரத்திச் சென்று அடிப்பது தற்காப்பு ஆகாது.

புகாரில் எந்தச் சொல்லை எழுதுவது?

எந்தப் பிரிவு பொருந்தும் என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டியதில்லை, நடந்ததை எழுதுங்கள். 'பலவந்தமாக நடந்துகொண்டார்' என்பதில் வழக்கு எதுவும் இல்லை. 'இடது கையைப் பிடித்து முறுக்கி, கதவுக்கு வெளியே தள்ளினார். அப்போது கையில் அரிவாள் இருந்தது. வெட்டுவேன் என்று சொன்னார்' என்பதில் மூன்று பிரிவுகளுக்கான செய்தி இருக்கிறது. யார், எங்கே, எத்தனை மணிக்கு, யார் பார்த்தார்கள், நீங்கள் என்ன சொல்லி மறுத்தீர்கள் என்பதையும் சேருங்கள். மறுத்ததாக எழுதும் வரிதான் பின்னால் சம்மதம் இல்லை என்பதற்குச் சான்றாகும். வாயால் மறுக்க முடியாத நிலையில் இருந்திருந்தால், ஏன் முடியவில்லை என்பதை எழுதுங்கள். புகாரைக் கொடுத்ததும் மனு ஏற்புச் சான்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காயம் சிறிதாக இருந்தாலும் அன்றே அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவு செய்யுங்கள். வீட்டையோ நிலத்தையோ விட்டு வெளியேற்றப்பட்டிருந்தால், வெளியேற்றப்பட்ட நாளைத் தெளிவாகக் குறிப்பிட்டு, 6 மாதம் முடிவதற்குள் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கைத் தாக்கல் செய்துவிடுங்கள்.